காண்டாக்டர் இரையுது, காயில் கருகுது: கோளாறு காயில்லயா, காந்தத்துலயா?

கிணத்துமேடு எழுதியது:

கிணத்து மோட்டார் 5 எச்.பி., டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (லைனை நேரா மோட்டாருக்குக் கொடுக்கறது). அதுக்குள்ள காண்டாக்டர், அதாவது காயில் காந்தமாகி இழுத்து மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கற சுவிட்ச். காயில் 415 வோல்ட். பச்சை பட்டனை அழுத்தினா டக்குன்னு ஒட்டாம 'டர்ர்ர்'னு அடிச்சுட்டுத்தான் ஒட்டுது. ஒட்டின பிறகும் விடாம இரைச்சல். காயில் மாத்தினாலும் கொஞ்ச நாள்ல மறுபடி கருகல் வாசம்.

ஸ்டார்ட்டர்கிட்ட ரெண்டு பேஸுக்கு நடுவுல எடுத்த அளவு: மோட்டார் நிக்கும்போது 370 வோல்ட், ஓடும்போது 352, கிளம்புற நேரத்துல 300 வரைக்கும் இறங்குது. மீட்டர் பெட்டியில இருந்து கிணறு வரைக்கும் 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள், 250 மீட்டர்.

ஃபியூஸ் போகல. ஓவர்லோடு ரிலேயும் விழல. காயில் வாங்குற கடையில 'வோல்டேஜ் ஏறி எரிஞ்சிருக்குங்க'ங்கறாங்க. 370-ல எங்கங்க ஏறுது?

பாபின்38 எழுதியது:

ஏறவில்லை. இறங்கியதால்தான் எரிந்திருக்கிறது. கேட்க முரணாக இருக்கும், ஏசி காயிலின் குணமே அதுதான்.

முதலில் உங்கள் அளவுகளைப் பார்ப்போம். காண்டாக்டருக்கான தர விதிப்படி காயிலின் வோல்டேஜில் 85 முதல் 110 சதவீதம் வரை கிடைத்தால் ஒழுங்காக இழுக்க வேண்டும். 415-க்கு 85 சதவீதம் 353. நிற்கும்போது 370 இருப்பதால் இழுத்துவிடுகிறது. ஏசி காண்டாக்டர் விட்டுவிடும் எல்லை 75 முதல் 20 சதவீதத்துக்குள் எங்கேயும் இருக்கலாம். 300 என்பது 72 சதவீதம். விடலாம், விடாமலும் இருக்கலாம் என்கிற இடத்தில் வந்து நிற்கிறது. காந்தத்தின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 72 சதவீத வோல்டேஜில் இழுவை 52 சதவீதம்தான். ஸ்பிரிங்குகளின் விசை மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் நடப்பது இதுதான். பட்டனை அழுத்தியதும் ஒட்டுகிறது, மோட்டார் கிளம்ப ஆறு மடங்கு கரண்டை இழுக்கிறது, வோல்டேஜ் விழுகிறது, கோர் (காயில் இழுக்கும் இரும்பு) விடுகிறது, மோட்டார் கட் ஆகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, விரல் இன்னும் பட்டனில் இருப்பதால் மறுபடி ஒட்டுகிறது. அந்த 'டர்ர்ர்' இதன் சத்தம். கையால் அழுத்துகிறவர் விரலை எடுத்தால் தொடர் காண்டாக்ட் (பட்டனை விட்ட பிறகும் காயிலுக்குக் கரண்ட் கொடுப்பது) விட்டுப்போய் அதோடு நின்றுவிடும். ஆட்டோ சுவிட்ச், மொபைல் ஸ்டார்ட்டர் போட்ட இடத்தில் விரலை எடுக்க ஆள் கிடையாது, அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு அடியிலும் மெயின் காண்டாக்ட்டுகள் ஆறு மடங்கு கரண்டை வெட்டி ஒட்டுகின்றன. வெள்ளி முனைகள் உருகிப் பற்றிக்கொள்வதும் இதனால்தான். காயிலோடு அதையும் கழற்றிப் பாருங்கள்.

ப்ளஸ்டூ_லேப் எழுதியது:

ஒரு சந்தேகம் சார். காயிலின் ஓம் மாறவில்லை, வோல்டேஜ் குறைந்திருக்கிறது. ஓம் விதிப்படி கரண்டும் குறையத்தானே வேண்டும்? குறைந்த கரண்டில் காயில் எப்படி எரியும்?

பாபின்38 எழுதியது:

டிசி காயிலாக இருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஏசி காயிலில் கரண்டைத் தீர்மானிப்பது கம்பியின் ஓம் மட்டுமில்லை, கோர் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதும்தான். அதுவே பெரிய பங்கு.

ஏசி காயிலுக்கு ஒரே ஒரு சமன்பாடு மனதில் நின்றால் போதும். வோல்டேஜ் = 4.44 × அதிர்வெண் × சுற்றுகள் × உச்சக் காந்தப் பாயம். பாயம் என்பது கோர் வழியே ஓடும் காந்தக் கோடுகளின் அளவு. வோல்டேஜ், 50 ஹெர்ட்ஸ், சுற்று மூன்றும் முடிவானவை. எனவே பாயமும் முடிவாகிவிட்டது, கோர் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஏறத்தாழ அதே பாயம் ஓடியாக வேண்டும். மூடிய இரும்பு வழியாக அந்தப் பாயத்தை ஓட்டச் சொற்பக் கரண்ட் போதும். நடுவில் சில மில்லிமீட்டர் காற்று இருந்தால் அதே பாயத்தை ஓட்டப் பல மடங்கு வேண்டும். காயில் தானாகவே அந்தக் கரண்டை லைனிலிருந்து இழுத்துக்கொள்கிறது.

சிறிய காண்டாக்டர்களில் காயில் திறந்த நிலையில் சுமார் 70 விஏ (வோல்ட் × ஆம்பியர்), ஒட்டிய பின் சுமார் 8 விஏ எடுக்கும். கணக்கு எளிதாக இருக்க 240 வோல்ட் காயிலை எடுத்துக்கொள்வோம், கம்பியின் ஓம் 550 என்று வைப்போம்.

ஒட்டிய நிலையில் 8 ÷ 240 = 0.033 ஆம்பியர். கம்பியில் வெப்பம் 0.033 × 0.033 × 550 = 0.6 வாட்.
திறந்த நிலையில் 70 ÷ 240 = 0.29 ஆம்பியர். வெப்பம் சுமார் 46 வாட்.

0.6 வாட்டுக்குச் செய்த பொருளில் 46 வாட். சாதாரணமாக இந்த 46 வாட் கோர் மூடும் வரை, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆகவே சூடே தெரியாது. கோர் பாதி வழியில் நின்றால், அல்லது விட்டு விட்டு அடித்தால், சில நிமிடங்களில் எனாமல் வெந்துவிடும். வோல்டேஜ் 72 சதவீதமாகக் குறைந்தாலும் திறந்த நிலையின் வெப்பம் பாதியாகத்தான் குறையும், அதாவது 24 வாட். ஒட்டியிருக்கும்போது இருப்பதைவிட அது இன்னும் நாற்பது மடங்கு.

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 415 வோல்ட் காயில் திறந்த நிலையில் எடுப்பதே 0.17 ஆம்பியர். கண்ட்ரோல் சர்க்யூட்டின் 2 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓவர்லோடு ரிலே மோட்டார் கரண்டைப் பார்க்கிறது, காயில் கரண்ட் அதன் சூட்டுப் பட்டைகள் வழியாகப் போவதே கிடையாது.

ப்ளஸ்டூ_லேப் எழுதியது:

அப்படியானால் டிசி காண்டாக்டரின் கோரை ஒரு குச்சி வைத்துத் தடுத்தாலும் காயில் எரியாது?

பாபின்38 எழுதியது:

எரியாது. டிசியில் கரண்ட் என்பது வோல்டேஜ் வகுத்தல் ஓம், இடைவெளி எவ்வளவு இருந்தாலும் அதேதான். அங்கே சிக்கல் வேறு மாதிரி: கரண்ட் மாறாததால் இடைவெளி கூடும்போது பாயம் சுருங்கி இழுவை படுத்துவிடும். தூரத்திலிருந்து இழுக்கப் பெரிய காயில் வேண்டும், ஒட்டியபின் அதே காயில் தேவைக்கு மேல் சூடாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் பெரிய டிசி காண்டாக்டர்களில் ஒட்டியதும் கரண்டைக் குறைக்கும் ஏற்பாடு வைக்கிறார்கள்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொரு ஆபத்து. 240 வோல்ட் ஏசி காயிலுக்கு 240 வோல்ட் டிசி கொடுத்தால் தடுக்க 550 ஓம் மட்டுமே உண்டு. 0.44 ஆம்பியர், 105 வாட். கோர் ஒழுங்காக மூடியிருந்தாலும் புகை வரும்.

லாமினேஷன் எழுதியது:

வோல்டேஜ் கதை சரி. ஆனால் 'ஒட்டின பிறகும் விடாம இரைச்சல்' என்று எழுதியிருக்கிறாரே, 352 வோல்ட்டில் நன்றாக ஒட்டிய காண்டாக்டர் இரையக் கூடாது. அதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும்.

50 ஹெர்ட்ஸில் பாயம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. இழுவை பாயத்தின் வர்க்கம் என்பதால் அதுவும் நூறு முறை பூஜ்யமாகும். அந்தக் கணங்களில் ஸ்பிரிங் கோரைத் தள்ளும், அடுத்த கணம் காந்தம் இழுக்கும். இப்படியே விட்டால் எந்த ஏசி காந்தமும் அதிரத்தான் செய்யும். அதைத் தடுக்கத்தான் கோரின் முகத்தில் காடி வெட்டி, முகத்தின் ஒரு பகுதியைச் சுற்றிச் செம்பு வளையம் பதித்திருக்கிறார்கள். ஷேடிங் ரிங் என்பது அதுதான். அதற்குள் போகும் பாயம் வளையத்தில் கரண்டைத் தூண்டுகிறது, அந்தக் கரண்ட் தன்னை உண்டாக்கிய பாயத்தின் மாற்றத்தையே எதிர்க்கிறது, வளையத்துக்குள் இருக்கும் பாயம் பின்தங்குகிறது. ஒரு பாதி பூஜ்யமாகும்போது மறுபாதியில் பாயம் இருக்கும், மொத்த இழுவை பூஜ்யத்துக்கு இறங்காது.

கோரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு வளையங்களையும் பாருங்கள். அடி வாங்கி வாங்கி மூலையில் மயிரிழை விரிசல் விழும். வளையம் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும், பார்த்தால் நன்றாகவே தெரியும். சுற்று அறுந்துவிட்டதால் கரண்ட் ஓடாது. ஒரு ஊசியால் லேசாக நெம்பினால் விரிசல் வாய் திறக்கும். ஈயம் வைத்து ஒட்டுவது நிற்காது, சூட்டிலும் அதிர்விலும் சீக்கிரமே விட்டுவிடும். காந்தத் துண்டையே மாற்றுங்கள்.

வளையம் நன்றாக இருந்தால் அடுத்து முகம். கிணற்றடி ஸ்டார்ட்டர் பெட்டியில் எறும்பு, பல்லி, குளவிக் கூட்டு மண் எல்லாம் இருக்கும். இரண்டு முகங்களுக்கு நடுவில் ஒரு எறும்பு நசுங்கிக் காய்ந்திருந்தாலும் அது இடைவெளிதான். கரண்ட் கூடும், இழுவை குறையும், இரையும், சூடாகும்.

பேஸ்டெஸ்டர் எழுதியது:

அதுக்கு எமரி ஷீட் போட்டு நல்லா தேய்ச்சு விட்டா போதுமே. கண்ணாடி மாதிரி ஆயிடும்.

லாமினேஷன் எழுதியது:

தேய்க்கவே கூடாது அண்ணா. முகங்கள் ஒன்றோடு ஒன்று படியும்படி இயந்திரத்தில் அரைத்தவை. கையால் தேய்த்தால் விளிம்பு உருண்டு நடு மேடாகிவிடும், பிறகு எந்தக் காலத்திலும் சமமாகப் படியாது. எமரித் தூள் பட்டைகளுக்கு நடுவில் போய் உட்காரும். அதைவிட மோசம், பட்டைகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டு ஷார்ட் ஆகும். கோரை முழு இரும்பாக வார்க்காமல் சிலிக்கான் எஃகுப் பட்டைகளாக அடுக்கியதே சுழல் மின்னோட்டத்தைத் தடுக்கத்தான். தேய்த்துத் தேய்த்து அதையே திரும்ப ஒட்டவைக்கிறோம்.

உலர்ந்த பருத்தித் துணி, ஒட்டியிருந்தால் கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் அல்லது காண்டாக்ட் கிளீனர். அவ்வளவுதான். துடைத்த பிறகு எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று தடவுகிறார்கள், அது தூசியைச் சேர்த்துப் பிசினாகி, ஆஃப் செய்த பிறகும் கோரைப் பிடித்துக்கொள்ளும்.

கழற்றும் முன் மெயின் சுவிட்சை இறக்கி ஃபியூஸ் கேரியர்களை உருவி வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டர் விளக்கை மட்டும் நம்பாமல் மூன்று பேஸையும் ஒன்றுக்கொன்று மீட்டரில் பாருங்கள். மோட்டாருக்குக் கண்டன்சர் போட்டிருந்தால் அதன் முனைகளைத் தொடுவதற்கு முன் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று அளந்து உறுதி செய்யுங்கள்.

பேஸ்டெஸ்டர் எழுதியது:

சரிங்க. அப்ப இழுவை குறையுதுன்னா காயில்ல நூறு இருநூறு சுத்து சேர்த்துக் கட்டினா என்ன? சுத்து கூடினா காந்தம் கூடும்னுதானே பள்ளிக்கூடத்துல படிச்சோம்.

வைண்டிங்மேசை எழுதியது:

அது கரண்டை நாமே நிறுத்திவைத்த காயிலுக்குப் பொருந்தும். லைனில் நேராக மாட்டும் ஏசி காயிலில் தலைகீழ். மேலே பாபின்38 கொடுத்த சமன்பாட்டைப் பாருங்கள்: வோல்டேஜும் அதிர்வெண்ணும் மாறாதபோது சுற்று கூடினால் பாயம் குறையும். இழுவையும் குறையும்.

உதாரணத்துக்கு, நடுக் கால் நிகரப் பரப்பு 1.6 சதுர செ.மீ., பாய அடர்த்தி 1.2 டெஸ்லா என்று வைத்து 415 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 9,700 சுற்று வரும். அதே கோரில் 240 வோல்ட்டுக்கு 5,600 சொச்சம். ஒரு சுற்றின் சராசரி நீளம் 8 செ.மீ. என்றால் 240-க்கு 39 கேஜ் கம்பி சுமார் 450 மீட்டர், ஏறத்தாழ 550 ஓம். 415-க்கு 42 கேஜ், 776 மீட்டர், கிட்டத்தட்ட 1,650 ஓம். சரியாக மூன்று மடங்கு, ஏனென்றால் ஒரே பாபினை நிரப்பும்போது ஓம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். பழைய காயிலில் எழுத்து அழிந்துபோயிருந்தால் இந்த மூன்று மடங்கை வைத்தே 240-ஆ 415-ஆ என்று பிரித்துவிடலாம்.

சரி, இழுவை கூட்டச் சுற்றைக் குறைக்கலாமே என்று அடுத்துத் தோன்றும். 415-க்குப் பதில் 360 வோல்ட்டுக்கு உரிய சுற்றுப் போட்டுக் கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பகலில் அருமையாக ஒட்டும். ராத்திரி எல்லா மோட்டாரும் நின்று லைன் 440 ஏறும்போது அது 122 சதவீதம். கோர் நிறைவுக்குப் போய்விடும். அதன் பிறகு பாயத்தைக் கொஞ்சம் கூட்டக்கூடக் கரண்ட் தாறுமாறாக ஏறும், ஒட்டிய நிலையிலேயே காயில் வேகும். கடைக்காரர் சொன்ன 'வோல்டேஜ் ஏறி எரிஞ்சிருக்கு' அப்போதுதான் உண்மையாகும்.

42 கேஜ் கம்பியின் விட்டம் 0.1 மி.மீ. தலைமுடிக்குக் கொஞ்சம்தான் தடிப்பு. கையில் கட்டினால் இழுவிசை சீராக இருக்காது, எனாமலில் கீறல் விழும், நாலு சுற்று ஒன்றோடொன்று தொட்டாலும் போச்சு. மோட்டார் வைண்டிங் வேறு, இது வேறு. புதுக் காயில் வாங்குவதுதான் மலிவு. பம்ப் ஸ்டார்ட்டருக்கென்றே அகன்ற வோல்டேஜ் வீச்சுள்ள காயில் விற்கிறார்கள், அதை அந்த மாடலுக்கு உரிய காந்தத்தோடு சேர்த்து வாங்குங்கள்.

கிணத்துமேடு எழுதியது:

எடுத்துப் போட்ட காயில்கள்ல ஒண்ணு கருகாம இருக்கு. மீட்டர்ல 1,640 ஓம் காட்டுது. ஆனா மாட்டினா சூடு தாங்கல. நல்ல காயிலுக்கும் அதே அளவுதானே வரும்?

வைண்டிங்மேசை எழுதியது:

ஓம் அளவு அந்தக் கோளாறைக் காட்டாதுங்க. 9,700 சுற்றில் 20 சுற்று ஷார்ட் ஆனால் ஓம் குறைவது 0.2 சதவீதம். மீட்டரின் பிழையே அதைவிடப் பெரிது. ஆனால் அந்த 20 சுற்றும் ட்ரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் ஆன செகண்டரி போல வேலை செய்யும். ஒரு சுற்றில் 415 ÷ 9,700, அதாவது 0.043 வோல்ட், 20 சுற்றில் 0.86 வோல்ட். 20 சுற்றின் ஓம் மூன்றரைதான். கால் ஆம்பியர் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காயிலின் நியாயமான கரண்டே 20 மில்லி ஆம்பியர் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு இடம் வெந்து பக்கத்துச் சுற்றுகளையும் கெடுக்கும்.

கண்டுபிடிக்க வழி, கோர் மூடிய நிலையில் கரண்டை அளப்பது. சப்ளை இல்லாதபோது காயிலோடு மீட்டரை வரிசையாக ஏசி மில்லி ஆம்பியர் வீச்சில் இணைத்து, நகரும் கோரை மரக்குச்சியால் முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு சப்ளை கொடுக்க வேண்டும். நல்ல காயில் 20-க்குப் பக்கத்தில் நிற்கும். கணிசமாக மேலே போனால் தூக்கிப் போடுங்கள். 415 வோல்ட்டில் செய்கிற வேலை, 600 வோல்ட் மூன்றாம் வகை பாதுகாப்பு (CAT III) உள்ள மீட்டரும் பழக்கமும் இல்லாதவர் செய்ய வேண்டாம். காயில் விலையைவிட விரல் விலை அதிகம்.

ப்ளஸ்டூ_லேப் எழுதியது:

பேஸ்டெஸ்டர் கேட்டதையே பேட்டரிக்குக் கேட்கிறேன். ஆய்வகத்தில் போல்ட்டில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்து காட்ட வேண்டும். 200 சுற்றுக்குப் பதில் 400 சுற்றினால் இரண்டு மடங்கு இழுக்கும் என்று புத்தகம் சொல்வதுபோலத் தெரிகிறது. செய்தால் அப்படி வரவில்லை.

வைண்டிங்மேசை எழுதியது:

வராது. சுற்று இரண்டு மடங்கானால் கம்பியின் நீளமும் இரண்டு மடங்கு, ஓம் இரண்டு மடங்கு, கரண்ட் பாதி. சுற்று × கரண்ட் அதேதான்.

8 மி.மீ. போல்ட், 28 கேஜ் எனாமல் கம்பி. அதன் ஓம் மீட்டருக்கு 0.155. ஒரு சுற்று சராசரி 38 மி.மீ. என்றால் சுற்றுக்கு 0.0059 ஓம். 1.5 வோல்ட்டை அதால் வகுத்தால் 254 ஆம்பியர்-சுற்று. சுற்று எண்ணிக்கை கணக்கிலேயே வரவில்லை பாருங்கள். வோல்டேஜும் கம்பித் தடிப்பும் ஒரு சுற்றின் நீளமும் மட்டும்தான். 200 சுற்றில் 1.27 ஆம்பியர், பென்சில் செல் திணறி வோல்டேஜ் படுத்துவிடும். 400 சுற்றில் 0.63-க்குக் கொஞ்சம் கீழே, செல் தாங்கும், காயிலும் சூடாகாது. அதனால் சுற்றைக் கூட்டுவதில் லாபம் உண்டு, அது இழுவையில் நேராக வருவதில்லை. இழுவையே கூட வேண்டுமென்றால் தடித்த கம்பி, அதைத் தாங்கும் பேட்டரி. அல்லது போல்ட்டை விட்டு 'ப' வடிவ இரும்பு எடுத்து இரண்டு முனையும் ஒரே பக்கம் வரும்படி செய்யுங்கள், பாயத்தின் வழியில் காற்று குறையும். போல்ட்டின் மறுமுனையிலிருந்து பாயம் காற்று வழியாகத்தான் திரும்ப வேண்டும், பாதிக்கு மேல் அங்கேதான் வீணாகிறது.

கடை போல்ட் கெட்டி எஃகு. ஆஃப் செய்தாலும் குண்டூசியை விடாது. அடுப்பில் சிவக்கக் காய்ச்சி அப்படியே சாம்பலில் மெதுவாக ஆறவிட்டால் மிருதுவாகும், காந்தம் தங்குவது குறையும்.

லாமினேஷன் எழுதியது:

இதே வழியில்தான் வரலாறும் போயிருக்கிறது. 1820-இல் ஓர்ஸ்டெட் கரண்ட் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். 1825-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் 'ப' வடிவ இரும்புக்கு வார்னிஷ் பூசி, வெறும் செம்புக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினார். சுமார் 200 கிராம் எடை, தூக்கியது 4 கிலோ. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி இரும்பை விட்டுவிட்டுக் கம்பிக்கே உறை போட்டார். நெருக்கமாகவும் அடுக்கு அடுக்காகவும் சுற்ற முடிந்தது, 1831-இல் அவருடைய காந்தம் ஒரு டன் அளவில் தூக்கியது. இன்றைய எனாமல் கம்பி அந்த உறையின் வாரிசு.

1 டெஸ்லாவில் இரும்பு முகத்தின் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் சுமார் 40 நியூட்டன், அதாவது 4 கிலோ எடையளவு இழுக்கும். முகம் சமமாகப் படிந்தால் மட்டும். சோதித்துப் பார்க்க நல்ல எண்.

பேஸ்டெஸ்டர் எழுதியது:

எங்க பக்கம் வேற மாதிரி ஒரு கேஸ் வருதுங்க. சிவப்பு பட்டன் அழுத்தினாலும் காண்டாக்டர் விடாது. தட்டினா விடும்.

பாபின்38 எழுதியது:

மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். இறக்கியதும் விட்டால் காயிலுக்கு எங்கிருந்தோ கரண்ட் வந்துகொண்டிருந்தது என்று பொருள், கண்ட்ரோல் வயரிங்கைப் பாருங்கள். மெயினே இல்லாதபோதும் ஒட்டியே இருந்தால் ஒன்று காண்டாக்ட்டுகள் உருகிப் பற்றியிருக்கின்றன, இல்லையேல் கோர் ஒட்டியிருக்கிறது. லேசாகத் தட்டினால் விடுவது பெரும்பாலும் கோர். வெல்ட் ஆன காண்டாக்ட் தட்டலுக்கு அவ்வளவு சுலபமாக அசையாது, அப்படியே விட்டாலும் முனையில் பிய்ந்த தடம் தெரியும்.

கோர் ஒட்ட இரண்டு காரணம். ஒன்று மேலே சொன்ன எண்ணெய்ப் பிசின். மற்றது தேய்மானம். ஈ வடிவக் கோரின் நடுக் காலை மட்டும் வேண்டுமென்றே மயிரிழை அளவு குறைவாக விட்டிருப்பார்கள், மூடியபோதும் அங்கே கொஞ்சம் காற்று இருக்கும். கரண்ட் நின்ற பிறகு இரும்பில் மிஞ்சும் காந்தத்தை அந்தக் காற்று கொன்றுவிடும். லட்சக்கணக்கான அடியில் வெளிக் கால்கள் தேய்ந்து நடுக் காலும் முட்ட ஆரம்பித்தால் இடைவெளி போய்விடும், மிஞ்சிய காந்தம் ஸ்பிரிங்கை ஜெயிக்கும். கோர் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், நடுவில் கீற்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மாற்றுவதுதான் வழி. நடுக் காலுக்குத் தாள் ஒட்டிச் சமாளிப்பது நாலு நாளைக்கு வரும், பிறகு அந்தத் தாளே தூளாகி வெளி முகங்களுக்குள் போகும்.

இந்த மோட்டார் நிற்க மறுக்கும் விஷயத்தில் இன்னொன்று. காயில் இரண்டு பேஸுக்கு நடுவில் இருக்கிறது. மூன்றாவது பேஸ் போனால் காயிலுக்குத் தெரியவே தெரியாது. காயிலின் பேஸே போனாலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்த முனையில் ஓரளவு வோல்டேஜைத் திரும்ப உண்டாக்கிக் கொடுக்கும், 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காண்டாக்டர் விடாது. காண்டாக்டர் இருக்கிறதே என்று சிங்கிள் பேஸிங் ப்ரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) இல்லாமல் விடுவது மோட்டாரைப் பணயம் வைப்பது.

கிணத்துமேடு எழுதியது:

கோரைக் கழட்டிப் பார்த்தாச்சுங்க. ஒரு பக்கத்து ஷேடிங் ரிங் மூலையில விரிசல். முகத்துல குளவி மண்ணு. வோல்டேஜுக்கு என்ன பண்றது?

லாமினேஷன் எழுதியது:

இரைச்சலுக்கு ஆள் கிடைத்துவிட்டது, காந்தத் துண்டை மாற்றுங்கள். பெட்டி சாய்ந்து தொங்கினால் நேராக மாட்டுங்கள், கேபிள் நுழையும் துளைகளை கிளாண்ட் போட்டு அடையுங்கள்.

வோல்டேஜுக்கு, மோட்டார் கிளம்பும் அதே நேரத்தில் மீட்டர் பெட்டியிலும் கிணற்றடியிலும் இரண்டு பேர் அளவெடுங்கள். உங்கள் 4 சதுரக் கேபிள் 250 மீட்டருக்கு ஒரு பேஸுக்கு 1.15 ஓம். மீட்டர் பெட்டியில் 350-க்கு மேல் நின்று கிணற்றடியில் மட்டும் 300 என்றால் குற்றவாளி கேபிள். 10 சதுரத்துக்கு மாற்றினால் அதில் விழும் வோல்டேஜ் ஐந்தில் இரண்டு பங்காகும். மீட்டர் பெட்டியிலேயே 310 என்றால் கேபிளில் போடும் பணம் வீண். மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள், அதுவரை அகன்ற வீச்சுக் காயில்.

பேஸ்டெஸ்டர் எழுதியது:

தண்ணித் தொட்டி மிதவை சுவிட்சை 600 மீட்டர் வயர் இழுத்து நேரா காயில்ல கோத்திருக்காங்க ஒரு இடத்துல. தொட்டி நிறைஞ்சு சுவிட்ச் திறந்தாலும் மோட்டார் நிக்கல. வயரும் ஷார்ட் இல்ல.

பாபின்38 எழுதியது:

வயரே கண்டன்சராகிவிட்டது. பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.3 மைக்ரோ ஃபாரட் என்று வைத்தால், 600 மீட்டரில் 0.18. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக 23 மில்லி ஆம்பியர் வரை கசியலாம். உங்கள் காயில் ஒட்டியிருக்கத் தேவையானதே 20. சுவிட்ச் திறந்தும் திறக்காத மாதிரிதான். 24 வோல்ட் ஏசி காயில் போட்டால் கசிவு பிரச்சினை தீரும், ஆனால் அது இழுக்கும்போது கிட்டத்தட்ட 3 ஆம்பியர் கேட்கும், அவ்வளவு நீள வயரில் வந்து சேராது.

சரியான வழி: ஸ்டார்ட்டர் பெட்டியில் 24 வோல்ட் டிசி சப்ளையும் ஒரு சிறிய ரிலேயும். ரிலே காயில் 40 மில்லி ஆம்பியர் அளவுதான் எடுக்கும். 1.5 சதுர வயரில் போக வர 1,200 மீட்டருக்கு 14 ஓம், விழுவது அரை வோல்ட் சொச்சம். டிசி என்பதால் வயரின் கண்டன்சர் குணம் ஒரு முறை நிறைந்ததும் அடங்கிவிடும். ரிலேயின் காண்டாக்ட் 415 வோல்ட் காயிலை வெட்ட வேண்டும், எனவே அந்த வோல்டேஜுக்குத் தகுதி எழுதியிருக்கும் ரிலேயாகப் பாருங்கள். பல சின்ன ரிலேக்கள் 250-உடன் நின்றுவிடும், அப்படியானால் காண்டாக்டரில் 240 வோல்ட் காயில் போட்டு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கொடுங்கள்.

ரிலே காயிலுக்குக் குறுக்கே 4007 டையோடு ஒன்று, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். சுவிட்ச் திறக்கும்போது காயிலில் சேர்ந்திருக்கும் காந்த ஆற்றல் மிதவை சுவிட்சின் முனையில் பொறியாகப் போகாமல் அதற்குள்ளேயே சுழன்று அடங்கும். அதே டையோடை ஏசி காயிலுக்குக் குறுக்கே போட்டுவிட வேண்டாம், அரை சுற்றில் நேரடி ஷார்ட். 240 வோல்ட் ஏசி காயிலில் பொறியை அடக்க, காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் வரிசையாகப் போடுங்கள், கண்டன்சர் லைனுக்குக் குறுக்கே போடத் தகுதியுள்ள எக்ஸ்-2 வகையாக.